மணப்பெண்ணுக்குப் பின்னல் பின்னுவது எப்படி: யாழ்ப்பாணத்துக் கலியாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

கலியாணப் பின்னல் சரியாக அமைந்ததா இல்லையா என்பது கெட்டிமேளம் கொட்டும்போதுதான் தெரியவரும். மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கழுத்தில் இட்டு, பிடரியில் அதன் திருகாணிப் பூட்டான சுரையைப் பூட்ட வேண்டும். அந்த நேரம் பூவும் மாலையும் முகத்திரையும் பின்னலில் பூட்டும் சடைநாகமும் ஒன்றோடொன்று சிக்கி, சுரை எங்கே என்று தெரியாமல் அவர் தடவிக்கொண்டு நிற்பதைப் பல கலியாண வீடியோக்களில் பார்க்கலாம். அது மாப்பிள்ளையின் பதற்றத்தால் வருவதில்லை. காலையில் தலை பின்னியவர் பிடரியை மூடிவிட்டார், அவ்வளவுதான்.

அதனால் இங்கே அழகைப் பற்றிச் சொல்வதெல்லாம் இரண்டு விஷயங்களுக்குப் பிறகுதான். ஒன்று, பிடரி திறந்திருக்க வேண்டும். மற்றது, தலையில் ஏற்றும் பாரம் வேர்மயிரில் தொங்கக்கூடாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பொம்பிளையை, அதாவது மணப்பெண்ணை, வெளிக்கிடுத்த ஆள் பிடிக்காமல், அக்காவோ சித்தியோ மச்சாளோ வீட்டிலேயே தலை பின்னிவிடுவதாக முடிவெடுத்த குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கை பழகியவர் ஒருவர், எடுத்துக் கொடுக்க இன்னொருவர், இரண்டு பேர் போதும்.

ஒரு மாதத்துக்கு முன்பே பார்க்க வேண்டியவை

முதலில் மயிரின் நீளத்தைப் பாருங்கள். தோளுக்குக் கீழே ஒரு சாண் இருந்தாலே கலியாணப் பின்னலுக்குப் போதும், மிச்சத்தைச் சவுரிமுடி பார்த்துக்கொள்ளும். தோள் மட்டத்தில் நின்றால் குதிரைவால் கட்டும் அளவுக்காவது பின்மயிர் சேர வேண்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கலியாணத்துக்கு வரும் பிள்ளைகள் பலர் மயிருக்கு நிறம் அடித்திருப்பார்கள். அவர்களுக்குக் கறுப்புச் சவுரி வைத்தால் ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரியும். சவுரியைக் கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்காமல், வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பொம்பிளையின் மயிர் நுனியோடு சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். பின்னும்போது நீளம் குறையும் என்பதால் வேண்டிய நீளத்தைவிட அரை அடி கூடுதலாக எடுப்பது நல்லது.

சடைநாகமும், ராக்கொடி, நெற்றிச்சுட்டி, பிறைகள் போன்ற தலைச்சாமானும் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கையில் தூக்கிப் பார்த்தே எடுங்கள். பாரம் கூடியது படத்தில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று நான்கு மணித்தியாலம் அதைச் சுமக்கப் போவது பொம்பிளை. பின்பக்கம் கொக்கியோ வளையமோ எத்தனை இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே ஒன்று மட்டும் இருந்தால் அந்த ஒன்றிலேயே முழுப் பாரமும் தொங்கும், அதை எடுக்க வேண்டாம்.

சட்டை தைக்கக் கொடுக்கும்போதும் தலையை நினைக்க வேண்டும். மணவறைக்கு முதலில் ஒரு சேலையில் வந்து, பிறகு கூறை மாற்றி வருவது எங்கள் வழக்கம். கூறைக்கு வேறு சட்டை என்றால் அது முழுக்கத் திறந்து கொக்கி போடுவதாக இருக்க வேண்டும். தலைக்கு மேலால் போடும் சட்டை வந்தால் ஒன்றரை மணித்தியால வேலை அரை நிமிடத்தில் போய்விடும். சட்டையின் பின்கழுத்தில் குஞ்சம் தொங்கவிட்டுத் தைப்பதையும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பின்னல் அதன்மேல் உராய்ந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், ஒருமுறை முழுதாகப் பின்னிப் பாருங்கள். பூ வேண்டாம், சவுரியும் சடைநாகமும் போதும். பின்னிய தலையோடு பொம்பிளை ஒரு மணித்தியாலம் வீட்டில் நடந்து திரியட்டும். எங்கே இழுக்கிறது, எந்த ஊசி குத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முழுக்கும் பாலறுகும்

பின்னுகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: அன்றைக்கு முழுகிய தலை வழுக்கும், முதல் நாள் முழுகிய தலைதான் பிடிக்கும். ஆனால் எங்கள் வீடுகளில் கலியாணத்தன்று காலையில் பாலறுகு வைப்பது உண்டு. பெரியவர்கள் அறுகும் பாலும் தலையில் வைத்த பிறகு முழுகத்தான் வேண்டும். பாலைக் கழுவாமல் விட்டால் மயிர் பிசுக்குப் பிடிக்கும், மண்டபத்து வெக்கையில் மணக்கவும் தொடங்கும்.

இதற்கு வழி இருக்கிறது. முதல் நாளே சீயாக்காயோ சாம்பூவோ போட்டு எண்ணெய் போக நன்றாக முழுகிவிடுங்கள். நல்லெண்ணெய் முழுக்கு வழக்கமென்றால் அதை அதற்கும் முந்திய நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கலியாணத்தன்று பாலறுகுக்குப் பிறகு வேறொன்றும் போடாமல் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். அறுகு வைக்கிற பெரியவர்களிடம் பாலை உச்சியில் மட்டும் கொஞ்சமாக வைக்கும்படி கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். கண்டிசனரை அன்றைக்குத் தொடவே கூடாது. அது மயிரை வழுக்க வைத்துவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால் தண்ணீர் கடினமானது. தீவுப் பக்கத்திலும் கரையோர ஊர்களிலும் சவரும் சேரும். அந்தத் தண்ணீரில் முழுகினால் மயிர் சொரசொரத்துச் சிக்குப் பிடிக்கும். கடைசியாக ஊற்றும் ஒரு வாளித் தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து, அதற்குப் பிறகு வேறு தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அந்தச் சொரசொரப்பு நன்றாகக் குறையும்.

துவட்டியபின் மயிர் வேர் வரை காய வேண்டும். உள்ளே ஈரம் இருக்கப் பின்னினால், காயக் காயப் பின்னல் இளகும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில் பிடித்துக் காயவையுங்கள். சாம்பிராணிப் புகை பிடிக்கிற வீடென்றால் இன்னும் நல்லது. மயிர் காய்ந்து மணமும் பிடிக்கும்.

நேரக் கணக்கு

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தாலி கட்டு பத்தரைக்கு என்றால் பொம்பிளை ஒன்பது மணிக்காவது மண்டபத்தில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து எட்டரைக்குக் கார் வெளிக்கிட, தலையில் ஆறு மணிக்குக் கை வைக்க வேண்டும். அப்படியானால் பாலறுகு ஐந்து மணிக்குப் பிந்தக்கூடாது. படப்பிடிப்புக்காரர்கள் கேட்கும் நேரத்தை இதற்குள் அடக்க முடியாது, அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலையின் ஒழுங்கு இது: உள்பாவாடையும் சட்டையும் முதலில், பிறகு பின்னல், பிறகு முகம், பிறகு சேலை, பிறகு தலைச்சாமான், எல்லாவற்றுக்கும் கடைசியில் பூ. பூவை முன்னுக்கு வைத்தால் சேலை உடுத்தும்போது நசியும்.

கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டியவை: வால்சீப்பு, அகலப் பல் சீப்பு, கறுப்பு ரப்பர் பான்ட், கறுப்பு ஹெயார் பின்னும் கொண்டையூசியும் நிறைய, மொத்தமான கறுப்பு நூல் கோத்த ஊசி, சிறிய கத்தரிக்கோல், கொஞ்சம் ஜெல், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, ஹெயார் ஸ்பிரே. எத்தனை ஊசி எடுத்தீர்கள் என்று எண்ணி ஒரு துண்டில் குறித்து வையுங்கள். இரவு கழற்றும்போது அந்தக் கணக்கு வேண்டும்.

உச்சி பிரித்தல்

பொம்பிளையை முதுகு சாயாத ஒரு ஸ்டூலில் இருத்துங்கள். நீங்கள் நேர் பின்னால் நில்லுங்கள், பக்கத்தில் நின்று பின்னினால் பின்னலும் அந்தப் பக்கம் போகும். நெற்றிச்சுட்டி வருவதால் நடு உச்சிதான். மூக்கின் நேருக்கு வால்சீப்பின் நுனியை வைத்து, நெற்றியிலிருந்து உச்சந்தலை வரை ஒரே இழுப்பில் கோடு எடுங்கள். முன்னால் ஒருவர் நின்று கோடு நேரா என்று பார்த்துச் சொல்லட்டும்.

பிறகு ஒரு காதுக்குப் பின்னிருந்து உச்சியைத் தாண்டி மறுகாது வரை இன்னொரு கோடு. முன்மயிர் இரண்டு பாகத்தையும் கிளிப் போட்டு ஒதுக்கிவிடுங்கள். இப்போது வேலை பின்மயிரில்தான்.

ஆணி அடிப்பது போன்ற ஒரு வேலை

உச்சந்தலையில், ராக்கொடி என்ற வட்டமான தலைநகை வரப்போகிற இடத்துக்கு நேர் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் எடுத்து இறுக்கமாக ஒரு குட்டிப் பின்னல் பின்னுங்கள். அதைத் தலையோடு தட்டையாக வட்டம் சுற்றி, இரண்டு ஹெயார் பின்னை ஒன்றுக்கொன்று குறுக்காகக் குத்துங்கள். குறுக்காகக் குத்திய ஊசிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், தனி ஊசி வழுகும். சுவரில் படம் மாட்ட ஆணி எப்படியோ அப்படித்தான் இந்தச் சுருள். ராக்கொடி, சடைநாகத்தின் மேல் கொக்கி, சவுரியின் தலை மூன்றும் இதில்தான் நிற்கப் போகின்றன. பலர் இதைச் செய்யாமல் நேரே குதிரைவால் கட்டிச் சவுரியைச் செருகிவிடுகிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் சேர்ந்து கீழே இறங்குவது அதனால்தான்.

சுருளுக்குக் கீழே பின்மயிர் முழுவதையும் குதிரைவாலாகக் கட்டுங்கள். உயரம் காதின் மேல்விளிம்பு மட்டத்தில் இருக்கட்டும். இதுதான் பிடரியைத் திறந்து வைக்கும் உயரம். அதைவிடத் தாழ்ந்தால் பின்னலின் பருமனான மேல்பாகம் சரியாகத் தாலிக்கொடி பூட்டும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பிடரியில் நிற்கும் குட்டி மயிர்களுக்குப் பிரஷில் ஒரு சொட்டு ஜெல் தொட்டு, கீழிருந்து மேலாகத் தடவிவிடுங்கள். தாலி பூட்டும்போது சுரையில் அகப்பட்டு இழுபடுவது இந்தக் குட்டி மயிர்தான், அதைப் பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சவுரியின் தலையைக் குதிரைவாலின் அடியில் வைத்து, இரண்டாவது ரப்பர் பான்ட் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு ஊசி நூலால் சவுரித் தலையை மேலே இருக்கும் சுருளோடு நான்கைந்து முறை தைத்துவிடுங்கள். தைப்பதென்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஊசி தலையோட்டைத் தொடாமல் மயிருக்குள்ளாலேயே போகும். இப்போது பொம்பிளை தலையை ஆட்டிப் பார்க்கட்டும். சவுரி தலையோடு சேர்ந்து அசைந்தால் சரி. தலை நின்றபின்னும் சவுரி தனியாக ஆடினால் இன்னும் தைக்க வேண்டும்.

இனி முன்மயிர். உச்சியில் கொஞ்சம் உயரம் வேண்டுமென்றால் உள்பக்கத்தில் மட்டும் சீப்பால் வேரை நோக்கி மெல்ல நெரித்துவிட்டு, மேலே மழமழவென்று வாரிவிடுங்கள். இப்போது பஃப் பெரிதாக வைக்கும் வழக்கம் கூடிவிட்டது. ராக்கொடி வைக்கிற தலைக்கு அது ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். ராக்கொடி பஃபின் பின்சரிவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இரண்டு பக்க மயிரையும் காதின் மேல்நுனியைத் தொட்டபடி பின்னுக்குக் கொண்டுபோய்ச் சுருளின் மேலே ஊசி குத்தி முடியுங்கள். காதோரத்தில் இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்த இடத்து வேர்மயிர் மெலிந்தது, அரைநாள் இழுபட்டால் தலையிடி வரும். அடிக்கடி இழுபட்டால் உதிரவும் உதிரும்.

பின்னல்

சவுரியில் மூன்று கால் இருக்கும். சொந்த மயிரையும் மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு காலோடும் ஒவ்வொரு பங்கைச் சேருங்கள். சொந்த மயிர் மேலே வரும்படி வைத்துக்கொண்டால் ஒட்டுத் தெரியாது.

முதல் நான்கு மடிப்பையும் தலைக்குக் கிட்டக் கையை வைத்து இறுக்குங்கள். இழுக்கும் திசை கீழ்நோக்கித்தான், உங்கள் பக்கம் இழுத்தால் பின்னல் தலையை விட்டு எழும்பி வால்போல நிற்கும். அதற்குப் பிறகு ஒரே சீரான இறுக்கம் போதும். கை இளைத்தால் நிறுத்தி, எடுத்துக் கொடுப்பவரிடம் மூன்று காலையும் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆறுங்கள், இறுக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

பின்னும்போது பொம்பிளை எப்படி இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். கையில் போன் இருந்தால் தலை குனிந்துவிடும். குனிந்த தலையில் பின்னினால், நிமிரும்போது பிடரிப் பக்கம் தொளதொளத்துப் பொம்மிக்கொண்டு நிற்கும். “பிள்ளை, நிமிர்ந்து இரு” என்று சொல்லிக்கொண்டே பின்ன வேண்டியதுதான். ஐந்தாறு மடிப்பு முடிந்ததும் ஒருமுறை நன்றாகக் குனியச் சொல்லிப் பாருங்கள். மணவறையில் பாதி நேரம் குனிந்துதான் இருக்கப் போகிறார். குனியும்போது வேரில் சுள்ளென்று இழுத்தால் அவிழ்த்து மேல்மடிப்பை மட்டும் ஒரு சொட்டு இளக்குங்கள்.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிற்கும்போது முழங்கால் வரை தொங்கும் பின்னல் படத்துக்கு அழகு. மணவறையில் இருக்கும்போது அதன் நுனி பொம்பிளைக்குக் கீழே போய்விடும். பின்னலின்மேல் இருந்துகொண்டு ஓமத்துக்குக் குனிந்தால் தலை பின்னுக்கு இழுபடும், மேலே தைத்ததெல்லாம் சேர்ந்து இளகும். ஆகவே குஞ்சம் கட்டுவதற்கு முன் ஒரு தாழ்ந்த பலகையில் இருத்திப் பாருங்கள். குஞ்சத்தின் நுனி இருக்கையைத் தொட்டும் தொடாமலும் நின்றால் அதுதான் நீளம். மிஞ்சுவதை உள்ளே மடித்து ரப்பர் பான்ட் போட்டு, அதன்மேல் குஞ்சத்தைக் கட்டி நூலால் தைத்துவிடுங்கள்.

பின்னி முடிந்தபின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும் விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால் பின்னல் அகலமாகத் தட்டையாகும். சடைநாகத்தைவிட இரண்டு பக்கமும் அரை விரல் அகலம் கூடுதலாகத் தெரிந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

சடைநாகமும் தலைச்சாமானும்

சடைநாகத்தின் மேல் கொக்கியைச் சுருளில் மாட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சாணுக்கும் ஒரு இடத்தில் கறுப்பு நூலால் பின்னலோடு சேர்த்துத் தையுங்கள். நூலைச் சுற்றிக் கட்டினால் கீழே வழுகும், மடிப்புக்குள் ஊசியை விட்டுத் தைத்தால் நிற்கும். இப்படிச் செய்தால் பாரம் பின்னல் முழுக்கப் பரவும்.

ராக்கொடி சுருளின்மேல். நெற்றிச்சுட்டியின் சங்கிலி உச்சிக் கோட்டிலேயே கிடக்க வேண்டும். அதன் பின்கொக்கியை ஒரு ஹெயார் பின்னுக்குள் கோத்து, அந்தப் பின்னை மயிருக்குள் விடுங்கள். சூரியப்பிறை பொம்பிளையின் வலப்பக்கம், சந்திரப்பிறை இடப்பக்கம். கண்ணாடியைப் பார்த்து வைக்கும்போது இடம்வலம் மாறிப்போவது சகஜம், ஆகவே அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தே வையுங்கள்.

பூ

பூ விஷயத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு கரைச்சல் உண்டு. ஆவணியில் கலியாணம் வைக்கிறவர்கள் நல்லூர்த் திருவிழா எந்த நாட்களில் வருகிறது என்று பாருங்கள். அந்த இருபத்தைந்து நாளும் பூவுக்குத் தேவை கூடும், முன்கூட்டியே சொல்லி வைக்காமல் அன்றைக்குச் சந்தைக்குப் போய் நிற்க முடியாது.

மல்லிகை பொழுதுபடும் நேரம் விரியத் தொடங்கும் பூ. காலைக் கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் இறுகிய மொட்டாக வாங்கி, வாழைநாரால் நெருக்கிக் கட்டி, ஈரத்துணியில் சுற்றி, வாழையிலைக்குள் பொதிந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ் பிடிக்கும் தட்டில் வைத்தால் பூ கறுத்துவிடும். தலையில் வைக்கும்போது பாதி விரிந்திருக்கும், மணவறையில் முழுதாக மணக்கும்.

மூன்றடிப் பின்னலின் இரண்டு ஓரத்திலும் நேராக ஓட நான்கு முழம் வேண்டும். குறுக்கும் மறுக்குமாகச் சுற்றினால் ஆறு முழம். ராக்கொடியைச் சுற்றி வைக்க இன்னும் இரண்டு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் நேராக ஓட்டுவதையே சொல்வேன், சடைநாகத்தின் வேலைப்பாடு மறையாது, பாரமும் குறைவு. நடுநடுவே கனகாம்பரம் சேர்த்தால் நிறம் எடுக்கும். அதற்கு வாசமில்லை, ஆனால் மல்லிகை வாடினாலும் அது வாடாமல் நிற்கும்.

ஊசியைப் பூவில் குத்தாதீர்கள். நாரின் முடிச்சுக்குள்ளால் விட்டு மயிரில் குத்துங்கள். ராக்கொடியைச் சுற்றும் பூ ஒரு காதிலிருந்து மறுகாது வரை மேல்வளைவாக மட்டும் வரட்டும். கீழ்வளைவை முடிக்க ஆசை வரும், அங்கேதான் பிடரி.

கலியாணம் வைகாசி ஆனியில், அதுவும் கரையோரக் கோயிலில் என்றால் சோளகக் காற்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முகத்திரை காற்றில் அடித்து நெற்றிச்சுட்டியில் கொழுவும். திரையை ராக்கொடிக்கு முன்னால் இரண்டு ஊசியால் குத்துங்கள், பின்பக்கம் விரிந்து பிடரியை மூடாதபடி தோளோடு ஒதுக்கிவிடுங்கள்.

கூறை மாற்றி வரும்போது

கூறை மாற்ற அதிக நேரம் தரமாட்டார்கள். ஐயர் ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பார். அறைக்குள் போனதும் முதல் வேலை, பின்னலை முன்னுக்கு எடுத்து ஒரு மெல்லிய துணியால் சுற்றிப் பொம்பிளையின் கையிலேயே கொடுப்பது. சேலை உடுத்தி முடிந்து, தோளில் ஊசி குத்திய பிறகுதான் பின்னல் முதுகுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் தலைப்புக்கும் சட்டைக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். வாடிய பூ இருந்தால் அந்தத் துண்டை மட்டும் கத்தரித்து மாற்றுங்கள்.

தோழியோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். பல கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நிற்பார், காலையில் தலை பின்னியபோது அவர் பக்கத்தில் இருந்திருக்கமாட்டார். எதைத் தூக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியாது. மாலை போடும்போது அது ராக்கொடியில் கொழுவாமல் ஒரு கை மேலே வைத்துக் கொடுக்க வேண்டும். தாலி ஏறும்போது ஒரு கையால் பின்னலின் மேல்பாகத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கி, மறுகையால் மாலையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் மாப்பிள்ளைக்குப் பிடரி நேரே தெரியும். பின்னலை மேலே தூக்க வேண்டாம், தூக்கினால் சடைநாகம் மடங்கும். நான்கு ஹெயார் பின், ஊசி நூல், சின்னக் கத்தரிக்கோல் இவற்றை ஒரு சின்னப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அவிழ்ப்பது

இரவு களைப்பில் இழுத்துக் கழற்றினால் சொந்த மயிர்தான் அறும். முதலில் பூ, பிறகு தலைச்சாமான், பிறகு சடைநாகத்தின் தையல்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வெட்டுங்கள். சவுரித் தையலை வெட்டும்போது நூலை விரலால் தூக்கிப் பிடித்து, அது நூல்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு வெட்டுங்கள். ஊசிகளைக் காலையில் குறித்த கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தால் தேடி எடுக்காமல் படுக்கவிட வேண்டாம்.

ஸ்பிரே பிடித்த மயிரை உலர்ந்தபடி சீவாதீர்கள். உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் எடுத்து நெரித்த இடத்தில் தடவி, விரலால் கோதிவிட்டு, பிறகு சீப்பு எடுங்கள். அடுத்த நாள் முழுகலாம்.

நாலாஞ்சடங்குக்கோ அடுத்துவரும் விருந்துக்கோ அதே உயரத்தில் திரும்ப இறுக்கிக் கட்ட வேண்டாம். வேர் இன்னும் நொந்துபோய்த்தான் இருக்கும். தாழ்வாக ஒரு தளர்ந்த கொண்டை போட்டு இரண்டு முழம் மல்லிகை வைத்துவிடுங்கள், தாலிதான் ஏறிவிட்டதே, இனிப் பிடரி மூடினாலும் பரவாயில்லை.